கட்டி தென்பட்ட நாளும் மருத்துவமனை சென்ற நாளும்

மார்பகப் புற்றுநோய் குறித்த பரப்புரைகள் பெரும்பாலும் எல்லாப் பெண்களையும் ஒரே கூட்டமாகக் கருதி, எல்லாருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிச் செல்கின்றன. ஆனால் தாயோ சகோதரியோ இந்நோய்க்கு ஆளான பெண், இளவயதில் வேறொரு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பெண், ஒரு மார்பகத்தில் ஏற்கெனவே புற்றுநோய் கண்டு குணமான பெண் ஆகியோருக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இத்தகைய பெண்கள் தங்கள் நிலையை அறிந்திருப்பதால், சிறு மாற்றம் தென்பட்டாலும் உடனே மருத்துவரை நாடிவிடுவார்கள் என்று எண்ணுவது இயல்பு. நடப்பு பல வேளைகளில் அப்படி இல்லை. தாயின் நோயைப் படுக்கையருகே இருந்து பார்த்த மகளே, தன் மார்பில் கட்டி இருப்பதை மாதக்கணக்கில் எவரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதுண்டு. தனக்கு ஆபத்து உண்டென அறிவது ஒன்று. உடலில் தோன்றும் மாற்றத்தை நோயின் அறிகுறியென இனங்காண்பது மற்றொன்று. இனங்கண்டபின் எங்கே, எத்தனை நாளுக்குள், யாரை அழைத்துக்கொண்டு போவது என்பது மூன்றாவது. முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே நம் விழிப்புணர்வு முயற்சிகளின் பெருங்குறை.

நோயின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் அதனால் இறந்தனர். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கு நோய் ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே, அதாவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும், மிகுதியாகக் காணப்படுகிறது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட இந்தியப் பெண்களைப் பின்தொடர்ந்து, மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் அடிப்படையில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, நோய் மார்பகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தபோது வந்தவர்களில் 81 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்ததாகவும், நுரையீரல், எலும்பு முதலிய தொலைவுறுப்புகளுக்குப் பரவியபின் வந்தவர்களில் அது 18 விழுக்காடாகக் குறைந்ததாகவும் காட்டுகிறது. இவ்விரு எண்களுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் காலந்தான்.

மிகு ஆபத்து என்பதன் பொருளைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதில் இரு திசைகளிலும் தவறான எண்ணங்கள் உள்ளன. தாய், சகோதரி, மகள் ஆகிய முதல்நிலை உறவினருள் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால், ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு, இருவருக்கு இருந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2001-இல் வெளியான கணக்கு இது. அதே கணக்கு இன்னொன்றையும் சொன்னது: இந்நோய்க்கு ஆளாகும் ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு, நோயுற்ற தாயோ சகோதரியோ மகளோ இல்லை. ஆகவே, "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை" என்னும் நிம்மதி எவரையும் காப்பதில்லை. "அம்மாவுக்கு வந்தது, எனக்கும் வந்தே தீரும்" என்னும் முடிவுக்கும் அடிப்படை இல்லை.

குடும்பங்களில் நோய் தொடர்வதற்கான காரணங்களுள் ஒன்று மரபணுக் கோளாறு. அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங் 1990-இல், இளவயதில் தோன்றும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1994-இல் பிரித்தறியப்பட்ட அதுவே பி.ஆர்.சி.ஏ.-1. பி.ஆர்.சி.ஏ.-2 அடுத்த ஆண்டு அறியப்பட்டது. செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுபடும்போது அதைப் பிழையின்றி ஒட்டவைப்பது இம்மரபணுக்களின் வேலை. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரு படிகளாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்து, வாழ்நாளில் மார்பகச் செல் ஒன்றில் மற்றதும் கெட்டுப்போனால், அச்செல்லில் பழுதுகள் திருத்தப்படாமல் பெருகிப் புற்றாக மாறும் வழி திறந்துவிடுகிறது. இப்பழுதைச் சுமக்கும் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதாக 2017-இல் வெளியான பெரிய ஆய்வு கணித்தது. எனினும் மார்பகப் புற்றுநோய் அனைத்திலும் இவ்வாறு மரபுவழி வருவது ஐந்து முதல் பத்து விழுக்காடுதான்.

இங்கே குடும்பங்கள் கவனிக்காது விடுவது தந்தைவழியை. பழுதுபட்ட மரபணுவைத் தந்தையும் மகளுக்குக் கொடுக்க முடியும். அதற்கான வாய்ப்பு தாயிடமிருந்து பெறுவதைப் போலவே சரிபாதி. ஆயினும் குடும்ப வரலாறு கேட்கப்படும்போது அம்மா, சித்தி, பெரியம்மா, அம்மாச்சி என்று சொல்லிவிட்டு, அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. மரபணு ஆலோசகர் ஒருவர் குடும்ப வரைபடம் போடும் முறையை அருகிலிருந்து பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் வரைந்து, மூன்று தலைமுறைக்குக் கோடு இழுத்து, நோய்கண்டவரின் குறியை மையால் நிரப்பி, அதனருகே நோய் கண்ட வயதை எழுதுவார். நாற்பது வயதில் நோய் கண்ட ஓர் அத்தை, எழுபதில் நோய் கண்ட இரு பாட்டிகளைவிட அந்த வரைபடத்தில் கூடுதல் பொருளுடையவர். "வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தார்" என்று மட்டும் சொல்லப்படும் மூத்தவரைக் குறித்து ஆலோசகர் துருவித் துருவிக் கேட்பார். ஏனெனில் அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருந்தால் அதே மரபணுவின் வேலையாக இருக்கக்கூடும். ஆண் உறவினர் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அது இன்னும் வலுவான தடயம். நம் வீடுகளில் இந்த வரைபடம் நிறைவு பெறாமல் போவதற்கு மறதி மட்டும் காரணமன்று. பெண் பிள்ளைகளின் கலியாணம் தடைபட்டுவிடும் என்ற அச்சத்தில் நோயின் பெயர் வீட்டுக்குள்ளேயே மறைக்கப்படுகிறது. எந்த மகளின் வாழ்வைக் காப்பதாக நினைத்து மறைக்கிறார்களோ, அந்த மகளுக்குத்தான் அச்செய்தி மிகவும் தேவைப்படுகிறது.

அடுத்து அறிகுறிகள். பெரும்பாலானோர் அறிந்தது கட்டி ஒன்றைத்தான். அதையும் வலித்தால்தான் ஆபத்து என்று தலைகீழாக அறிந்திருக்கிறார்கள். தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இரு மார்பகங்களிலும் தோன்றும் கனமும் வலியும், விலக்கு வந்தபின் தணிந்துவிடுமாயின், பொதுவாக அஞ்சத் தக்கவை அல்ல. குளிக்கும்போது சோப்பு வழுக்கும் கையில் தட்டுப்படும் கட்டியானது கடினமாகவும், ஓரம் சீரற்றும், விரலால் தள்ளினால் நகராமலும், அடுத்த மாதவிலக்குக்குப் பின்னும் மறையாமலும் இருந்தால் அது உடனே காட்டப்பட வேண்டியது. இளம்பெண்களிடம் விரலுக்கடியில் வழுக்கி ஓடும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா எனப்படும் தீங்கற்ற நார்க்கட்டியாகவே இருக்கும். ஆனாலும் அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டு அனுபவசாலி அல்லர்.

கட்டியே இல்லாமல் வரும் அறிகுறிகளைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாமதம் மிகுவது அங்கேதான். கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும்போது ஒரு மார்பகத்தின் தோல் மட்டும் ஓரிடத்தில் உள்ளிழுக்கப்பட்டுக் குழி விழலாம். உள்ளிருக்கும் கட்டி, தோலைத் தாங்கும் நார்களைச் சுருக்கி இழுப்பதால் அது நேர்கிறது. பல்லாண்டுகளாக வெளிநோக்கி இருந்த காம்பு புதிதாக உட்புறம் திரும்பலாம். பிதுக்காமலே ஒரு காம்பிலிருந்து மட்டும் இரத்தமோ, இரத்தம் கலந்த நீரோ கசிந்து ரவிக்கையில் கறைபடலாம். காம்பைச் சுற்றி அரிப்பும் செதிலும் உண்டாகி, கரப்பான் என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டே மாதங்கள் கழியலாம். பேஜட் நோய் எனப்படும் புற்று வகை இந்த உருவில்தான் வருகிறது. மார்பகத் தோல் சிவந்து, தடித்து, மயிர்க்கால்கள் புள்ளிபுள்ளியாகக் குழிந்து ஆரஞ்சுப் பழத்தோல் போல் தோன்றினால், தோலுக்கடியிலுள்ள நிணநீர்க் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்பது அதன் பொருள். அக்குளில் நெறிகட்டி, பல வாரமாகியும் அது கரையாமல் இருப்பதும் இவ்வரிசையில் சேரும்.

பாலூட்டும் தாய்மாரின் நிலை இன்னும் சிக்கலானது. பால் கட்டுவதும், அதனால் சிவந்து காய்ச்சல் வருவதும் அக்காலத்தில் சாதாரணம். எனவே கட்டி எதுவானாலும் பால்கட்டி என்றே வீட்டாரும் சில வேளை மருத்துவரும் முடிவு செய்துவிடுகின்றனர். பால் கட்டியிருந்தால் குழந்தை குடித்தபின்னோ, பாலைப் பீய்ச்சி எடுத்தபின்னோ ஓரிரு நாளில் கரைய வேண்டும். சீழ்ப்பிடிப்பானால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு ஒரு வாரத்துக்குள் தணியத் தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் எந்தக் கட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும். பாலூட்டுதல் இதற்குத் தடையே இல்லை. அக்கா முப்பத்தைந்து வயதில் நோய்வாய்ப்பட்டிருக்க, தங்கை முப்பதில் பிள்ளை பெற்றுப் பாலூட்டுகிறாள் என்றால், அவளுடைய கட்டியைப் பால்கட்டி என்று கைகழுவிவிட எவருக்கும் உரிமை இல்லை.

மாதந்தோறும் குறித்த நாளில் முறைப்படி தடவிப் பார்க்கும் சுயபரிசோதனையை முன்பு எல்லாரும் வலியுறுத்தினர். ஷாங்காய் நகரின் நெசவாலைகளில் பணியாற்றிய 2,66,064 பெண்களைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2002-இல் முடிவு வெளியிட்ட ஆய்வு, அப்பயிற்சி பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் இந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததைக் காட்டியது. பயிற்சி பெற்றவர்களிடையே தீங்கற்ற கட்டிகளுக்கான திசுச் சோதனைகளே கூடின. இதைப் படித்துவிட்டுத் தன் உடலைக் கவனிப்பதே வீண் என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. சடங்குபோல் செய்யப்படும் பரிசோதனையின் இடத்தில் இன்று மருத்துவம் வைத்திருப்பது, தன் மார்பகம் இயல்பில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தும் தொட்டும் அறிந்துவைத்து, புதிய மாற்றத்தை உடனே காட்டும் பழக்கத்தை. இன்னொரு பக்கம், மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களிடம் நடத்திய இருபதாண்டு ஆய்வு 2021-இல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது; ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பத்தாம் வகுப்பு படித்த பெண்களின் பயிற்சி பெற்ற விரல்கள் சாதித்தது அது.

மிகு ஆபத்துள்ள பெண்களுக்கு இவை போதமாட்டா. நெதர்லாந்தில் குடும்ப வரலாறோ மரபணுப் பழுதோ உடைய 1,909 பெண்களிடம் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், மார்பகத்துக்கான எக்ஸ்-ரே படமாகிய மேமோகிராம், ஊடுருவும் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்கையே காட்டியது. காந்தப் புலத்தால் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைக் காட்டியது. இளம் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்ந்திருப்பதால், மேமோகிராமில் திசுவும் வெண்மையாக, கட்டியும் வெண்மையாகத் தோன்றி ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடுகிறது. அதனால் மரபணுப் பழுதுள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.யும், முப்பதிலிருந்து அதனோடு மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. இத்தகைய கண்காணிப்பில் உள்ள பெண்ணிடமும் ஒரு தனித்த தாமதம் உண்டாவதுண்டு. "போன மாசம்தானே படம் எடுத்தாங்க, ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாங்க" என்னும் ஆறுதலில் புதிய அறிகுறியை அடுத்த சோதனை வரை தள்ளிப்போட்டுவிடுவதே அது. இரு சோதனைகளுக்கு நடுவே தோன்றும் புற்றுகளுக்கு இடைக்காலப் புற்றுகள் என்று பெயர்; அவை பெரும்பாலும் வேகமாக வளர்பவை. தெளிவான படம் என்பது அன்றைய நிலைக்குத்தான் சான்று. பின்னர் தோன்றிய மாற்றத்துக்கு அது பதில் சொல்லாது.

தாமதத்தை அளக்கும் வழக்கம் பழையது. பேக், கேலோ என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 1938-லேயே, அறிகுறி தென்பட்டு மூன்று மாதம் கடந்து வருவதைத் தகாத தாமதம் என வரையறுத்தனர். அந்த எல்லை மனம்போன போக்கில் வகுத்ததன்று என்பதை, 1999-இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் தகவலைத் தொகுத்த ஆய்வு மெய்ப்பித்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் மற்றவர்களைவிட 12 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்த மூன்று மாதம் எப்படிக் கரைகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதில் அறியாமையின் பங்கு சிறிதே என்பது புலப்படும். தாயின் முடி உதிர்ந்ததையும், வாந்தியையும், கடனையும், இறுதியில் இறப்பையும் கண்ட பெண்ணுக்கு மருத்துவமனை என்பது அந்நினைவுகளின் இடம். சோதனை செய்துகொண்டால்தான் நோய் உறுதியாகும், செய்யாதவரை அது இல்லை என்ற எண்ணம் அறிவுக்குப் பொருந்தாதது எனினும், அச்சத்தில் இருப்பவருக்கு அது உண்மையான புகலிடம். அவரிடம் "புற்றுநோய் கொடியது" என்று மீண்டும் மீண்டும் சொல்லும் சுவரொட்டி, அவரை மருத்துவமனையிலிருந்து மேலும் விலக்கவே செய்யும். அம்மாவின் காலத்துச் சிகிச்சைக்கும் இன்றையதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதே அவருக்குத் தேவை: கட்டி சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் மார்பகத்தை முழுமையாக அகற்ற வேண்டியதில்லை என்பதையும், வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வெகுவாக முன்னேறிவிட்டன என்பதையும். இதனோடு வீட்டு நிலவரமும் சேர்கிறது. பிள்ளையின் தேர்வு முடியட்டும், அறுப்பு முடியட்டும், மச்சினர் கலியாணம் முடியட்டும் என்று தன் உடலைக் கடைசி இடத்தில் வைத்துப் பழகிய பெண், ஆண் மருத்துவரிடம் மார்பைக் காட்டவும் கூசுகிறார். கணவரிடம் சொன்னாலொழியப் பயணச் செலவுக்குக் கையில் காசில்லை. எனவே இக்கல்வி பெண்களுக்கு மட்டும் தரப்படுமானால் பாதிதான் பயன் தரும்.

"கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கிளறிவிட்டது போலாகும்" என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. ஊசியால் சிறு திசுத்துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சி நோயைப் பரப்புவதில்லை. மருத்துவர் கையால் பரிசோதிப்பது, மேமோகிராமோ ஸ்கேனோ எடுப்பது, பயாப்சி செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு கட்டியின் தன்மையை உறுதிப்படுத்துகின்றன. உண்மையான தீங்கு வேறிடத்தில் நேர்கிறது. பயாப்சி இன்றியே "சின்னக் கட்டிதானே, எடுத்துவிடலாம்" என்று உள்ளூரில் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து, எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பாமலே எறிந்துவிடுவதுண்டு. அது புற்றாக இருந்திருந்தால், ஹார்மோன் மருந்து பயன்படுமா, ஹெர்-2 என்னும் புரதத்துக்கு எதிரான மருந்து தேவையா என்பவற்றைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சான்று குப்பைக்குப் போய்விட்டது. கட்டி எங்கே எடுக்கப்பட்டாலும் திசுச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

பேச்சின் ஆற்றலுக்கு ஒரு சான்று லண்டனில் கிடைத்தது. வயது கூடுவதும் இந்நோய்க்கு ஒரு பெரிய ஆபத்துக் காரணி. ஆயினும் மூத்த பெண்களே அங்கு தாமதமாக வந்தனர். கடைசி மேமோகிராம் எடுக்கவரும் ஏறத்தாழ எழுபது வயதுப் பெண்களிடம், படம் எடுக்கும் பணியாளரே தனியே அமர்ந்து சுமார் பத்து நிமிடம், எவற்றைக் கவனிப்பது, எங்கே செல்வது, முதலில் யாரிடம் சொல்வது என்று பேசும் முறையை அந்நகரின் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அப்பெண்களிடம் விழிப்புணர்வு கூடி, நெடுநாள் நிலைத்தது. தமிழ்நாட்டில் இதைச் செய்யத் தகுதியானவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவருக்கு அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கித் தருவதே அரசின் வேலை. முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு மார்பகப் பரிசோதனை அரசுத் திட்டத்தில் 2016 முதல் இருந்தும், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் அதைச் செய்துகொண்டதாகக் கூறியவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கென 2021-இல் தொடங்கிய முன்முயற்சி, ஒரு பெண் முதன்முதலில் மருத்துவ அமைப்பை அணுகிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள், தாலுகா மருத்துவமனையில் ஸ்கேனுக்கு ஒரு நாள், மாவட்டத் தலைநகரில் பயாப்சிக்கு ஒரு நாள், முடிவு வாங்க மற்றொரு நாள் என்று நான்கு நாள் கூலியை இழக்கும் பெண் இரண்டாவது நாளிலேயே நின்றுவிடுவது நடக்கக்கூடியதே. அதைப் பெண்ணின் அலட்சியம் என்று பெயரிடுவது நியாயமாகாது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இன்று மரபுவழிப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு செயல்படுகிறது. அங்கும் பிற பெரிய மருத்துவமனைகளிலும் மரபணுச் சோதனை முதலில் செய்யப்படுவது, இயன்றவரை நோயுற்றவரிடமே; அவரிடம் பழுது காணப்பட்டால்தான் அதே பழுது மற்றவர்களிடம் உள்ளதா என்று தேடுவது பொருளுடையதாகும். பழுது இருப்பதாகத் தெரிந்த பெண்ணுக்குக் கண்காணிப்பு, ஆபத்தைக் குறைக்கும் மருந்து, முன்னெச்சரிக்கை அறுவைச் சிகிச்சை என்று பல வழிகள் உண்டு. எதையும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை. மரபணுச் சோதனைக்கு வசதியில்லாத குடும்பங்களுக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. குடும்பத்தில் மிக இளவயதில் நோய் கண்டவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வரும் வயதில் அடுத்த தலைமுறைப் பெண்கள் மருத்துவப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். தாய்க்கு நாற்பத்திரண்டு எனில் மகளுக்கு முப்பத்திரண்டு. இதை மகளுக்குச் சொல்ல வேண்டியவர் தாய்க்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர். சொல்வதற்கு ஏற்ற வேளை, தாயைப் பார்த்துக்கொள்ள அந்த மகளே மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் அதே வாரங்கள்.